எந்தப் படம் பல வருடம் விற்கும்? ஸ்டாக் போட்டோ குறித்த வாசகர் கேள்விகள்

நாம் எடுத்த படங்களை ஸ்டாக் தளங்களில் (படங்களைப் பயன்படுத்தும் உரிமத்தை விற்றுத் தரும் இணையதளங்களில்) ஏற்றி, அவற்றிலிருந்து நெடுநாள் வருமானம் பார்க்க முடியுமா என்று கேட்டுப் பல கடிதங்கள் வந்திருக்கின்றன. நானும் வருடக்கணக்காக இதைச் செய்து வருபவன். அந்த அனுபவத்தை வைத்துப் பதில் சொல்கிறேன்.

கேள்வி: மின்பராமரிப்புப் பணியிலிருந்து ஓய்வு பெற்றவன் நான். இளமையிலிருந்து எடுத்த படங்கள் ஹார்டு டிஸ்க்கில் கிடக்கின்றன. மலை, கடல், பூ, சூரிய அஸ்தமனம்தான் அதிகம். பார்த்தவர்கள் எல்லோரும் பாராட்டியிருக்கிறார்கள். இவற்றை ஏற்றினால் பென்ஷன் மாதிரி ஒரு தொகை வருமா?

பதில்: ஏற்றுங்கள் ஐயா, தடையில்லை. ஆனால் அவற்றை நம்பிக் கணக்குப் போட வேண்டாம். எந்தத் தளத்தில் சூரிய அஸ்தமனம் என்று தேடினாலும் லட்சக்கணக்கில் படங்கள் வந்து நிற்கும். அந்தக் கூட்டத்தில் உங்கள் படம் எவ்வளவு அழகாக இருந்தாலும் அதைக் கண்டுபிடிக்க ஆள் வேண்டுமே.

படத்தைப் பாராட்டுகிறவரும் பணம் கொடுத்து வாங்குகிறவரும் ஒரே ஆள் கிடையாது. வாங்குகிறவரை ஒரு நிமிடம் மனத்தில் கொண்டுவந்து பாருங்கள். காப்பீட்டு நிறுவனத்தின் கையேட்டை வடிவமைக்கிறவர், மருத்துவ இணையதளத்தில் முதியோர் நலம் பற்றிக் கட்டுரை போடுகிறவர், பாடநூல் பதிப்பாளர், வங்கியின் செயலியை அமைக்கிறவர். இவர்களில் யாரும் அழகைத் தேடி வருவதில்லை. சொல்ல வேண்டிய விஷயம் ஒன்று கையில் இருக்கிறது, அதைப் பார்த்த மாத்திரத்தில் புரிய வைக்கும் படம் வேண்டும். தலைப்பு எழுதக் கொஞ்சம் வெற்றிடமும் இருந்தால் இன்னும் நல்லது.

என் அப்பா வாரம் ஒருமுறை மாத்திரைகளை ஏழு கட்டம் போட்ட டப்பாவில் பிரித்துப் போடுவார். ஜன்னல் வெளிச்சத்தில் அவருடைய கைகளையும் டப்பாவையும் மட்டும் எடுத்தேன், முகம் வராமல். என் சேமிப்பில் மிக நீண்ட காலமாக விற்றுவரும் படம் அதுதான். அதே வாரம் பனி மூடிய பள்ளத்தாக்கு ஒன்றை எடுத்தேன். அது எனக்கு மிகவும் பிடித்த படம், ஆனால் எப்போதாவதுதான் நகர்கிறது. முதுமை, மருந்து, தனியாக வாழ்தல், வீட்டுப் பராமரிப்பு என்று எந்தத் தலைப்பில் யார் எழுதினாலும் மாத்திரை டப்பா பொருந்துகிறது. நாளைக்கும் பொருந்தும்.

‘நாளைக்கும்’ என்பதை நீங்கள் குறித்துக்கொள்ள வேண்டும். படத்தில் ஒரு கைபேசி வந்துவிட்டால் அதன் விளிம்பும் கேமரா வட்டங்களும் வருடத்தைச் சொல்லிவிடும். கணினித் திரை, கார், முடிவெட்டு, உடையின் பாணி எல்லாமே அப்படித்தான். ஐந்து வருடத்தில் அந்தப் படம் பழசாகிவிடும். கை, மண், தண்ணீர், கருவி, காகிதம், நாற்காலி, குழந்தையின் பிடி: இவற்றுக்கு வயதாவது மெதுவாகத்தான். நெடுநாள் வருமானம் வேண்டும் என்கிறவர் ஷட்டரை அழுத்துவதற்கு முன் சட்டகத்தில் காலத்தைக் காட்டிக்கொடுக்கிற பொருள் எதுவும் இருக்கிறதா என்று ஒருமுறை பார்த்துக்கொள்வது நல்லது.

உங்களுக்கு நான் சொல்ல விரும்பும் முக்கியமான விஷயம் வேறு. உங்கள் உண்மையான சொத்து ஹார்டு டிஸ்க்கில் இல்லை, நீங்கள் பார்த்த வேலையில் இருக்கிறது. ஸ்டாக் தளங்களில் மின்வேலை என்று தேடிப் பாருங்கள். கையுறை போடாமல் மின்பெட்டிக்குள் விரலை நீட்டுகிறவர், மீட்டரின் ஊசிகளைத் தவறான இடத்தில் வைத்திருக்கிறவர், புத்தம்புது தலைக்கவசம் மாட்டிய விளம்பர மாடல் என்று நிறைய வரும். பாதுகாப்புக் கையேடு தயாரிக்கிறவரால் அதில் ஒன்றைக்கூடப் பயன்படுத்த முடியாது. இணைப்பைத் துண்டித்து, பூட்டுப் போட்டு, எச்சரிக்கை அட்டையைத் தொங்கவிட்டு, மின்சாரம் இல்லை என்று சோதித்த பிறகே கை வைப்பதை வரிசையாக எடுக்க உங்களுக்குத் தெரியும். எனக்குத் தெரியாது. பழைய நண்பர்கள் ஒன்றிரண்டு பேரைக் கூப்பிட்டு, அனுமதி கிடைக்கிற இடத்தில், சரியான கருவிகளோடு அந்த வரிசையை எடுங்கள். செவிலியர், தச்சர், ஆய்வகப் பணியாளர், ஆசிரியர் எல்லோருக்கும் இதையேதான் சொல்வேன். துறைக்குள் இருப்பவர் எடுத்த படத்தைத் துறைக்குள் இருப்பவர் உடனே கண்டுகொள்வார்.

கேள்வி: கல்லூரி மாணவன். நூறு படம் ஏற்றினால் மாதம் எவ்வளவு வரும்?

பதில்: தம்பி, நூறு படத்துக்கு மாத வருமானம் என்று பேசவே முடியாது. சில மாதம் ஒன்றுமே வராது. இந்தத் தொழிலில் ஒரு டவுன்லோடுக்குக் கிடைப்பது பெரும்பாலும் சென்ட் கணக்கு. அடோபி ஸ்டாக் தளத்தில் விலையில் படம் எடுத்தவருக்கான பங்கு 33 சதவீதம், சந்தாதாரர் எடுத்தால் 33 சென்ட்டிலிருந்து தொடங்குகிறது. ஷட்டர்ஸ்டாக்கில் குறைந்தபட்சம் 10 சென்ட். பெரிய உரிமம் யாராவது வாங்கினால் பல டாலர் ஒரே நேரத்தில் வரும், ஆனால் அது எப்போது வரும் என்று சொல்ல முடியாது.

இவ்வளவு குறைவு ஏன் என்பதற்குக் காரணம் உண்டு. ஒரு காலத்தில் ஏஜென்சிகள் ஒரு படத்துக்கு நூற்றுக்கணக்கான டாலர் வாங்கின. 2000-இல் தொடங்கிய ஐஸ்டாக்போட்டோ, சில டாலருக்கே படம் கிடைக்கும் என்ற நிலையைக் கொண்டுவந்தது. 2003-இல் ஜான் ஒரிங்கர் தானே எடுத்த சுமார் 30,000 படங்களை வைத்து ஷட்டர்ஸ்டாக்கைத் தொடங்கினார். சந்தா கட்டினால் நிறையப் படங்களை எடுத்துக்கொள்ளலாம் என்ற முறை அதோடு பரவியது. வாங்குகிறவர்களின் எண்ணிக்கை பெருகியது, ஒரு படத்தின் விலை சுருங்கியது. எண்ணிக்கையை நம்பித்தான் இன்றைய ஸ்டாக் வருமானம் நிற்கிறது.

படிப்புச் செலவை இதில் பார்த்துவிடலாம் என்று திட்டமிட வேண்டாம். படிப்போடு கூடவே செய்யுங்கள். முதல் வருடத்தில் எவ்வளவு பணம் வந்தது என்பதைவிட எந்தப் படம் விற்றது, ஏன் விற்றது என்று எழுதி வையுங்கள். இரண்டாவது வருடத்துக்கு அந்தக் குறிப்பு உதவும்.

கேள்வி: விண்டோஸ் எக்ஸ்பி கணினிகளில் வரும் பச்சைப் புல்வெளிப் படம்கூட ஸ்டாக் படம்தானாமே? அப்படி ஒரு படம் அமைந்தால் வாழ்நாள் முழுக்க ராயல்டி வருமில்லையா?

பதில்: ஸ்டாக் படம்தான். சார்லஸ் ஓ'ரியர் 1996 ஜனவரியில் கலிபோர்னியாவின் சோனோமா பகுதியில் சாலையோரம் காரை நிறுத்தி எடுத்தது. வெஸ்ட்லைட் என்ற ஏஜென்சியிடம் இருந்தது. பில் கேட்ஸின் கார்பிஸ் நிறுவனம் 1998-இல் அந்த ஏஜென்சியை வாங்கியது. பிறகு மைக்ரோசாஃப்ட் அந்தப் படத்தின் முழு உரிமையையும் மொத்தமாக வாங்கிக்கொண்டது. மொத்த உரிமையும் போய்விட்டதால் எத்தனை கோடிக் கணினிகளில் அது ஓடினாலும் அவருக்குத் தனியாக ராயல்டி கிடையாது. வாங்கிய தொகை பெரியது என்பார்கள், ஒப்பந்தப்படி அவர் அதை வெளியில் சொல்லவில்லை. நீங்கள் கேட்பது நெடுநாள் வருமானம், அது ஒரே தடவை நடந்த விற்பனை.

புகழ் வேறு, உரிமம் வேறு என்பதற்கு இன்னொரு படமும் உண்டு. காதலியோடு நடந்துகொண்டே வேறொரு பெண்ணைத் திரும்பிப் பார்க்கும் இளைஞனின் படம். அன்டோனியோ கில்லெம் எடுத்த அந்த ஸ்டாக் படம் 2017-இல் மீம் ஆகி உலகம் சுற்றியது. பகிர்ந்தவர்களில் பெரும்பாலோர் உரிமம் வாங்கிப் பகிர்ந்தவர்கள் இல்லை.

கேள்வி: எந்தத் தளம் நல்லது? ஒரே தளத்துக்கு மட்டும் கொடுத்தால் அதிகம் தருவார்களா?

பதில்: ஐஸ்டாக்கில் (முன்பு சொன்ன ஐஸ்டாக்போட்டோதான்) அந்த ஏற்பாடு உண்டு. அங்கே பிரத்தியேகமாகக் கொடுக்காதவருக்குப் படத்துக்கு 15 சதவீதம்தான், பிரத்தியேகமாகக் கொடுப்பவருக்கு அதைவிட அதிகம். இருந்தாலும் நான் பல தளங்களில் பிரித்து வைக்கவே சொல்வேன். 2020 ஜூனில் ஷட்டர்ஸ்டாக் பங்கு முறையை மாற்றியது. அந்த வருடம் எத்தனை படம் விற்றிருக்கிறீர்கள் என்பதைப் பொறுத்து 15 முதல் 40 சதவீதம் வரை ஆறு படிகள், ஒவ்வொரு ஜனவரி 1-ஆம் தேதியும் எல்லோரும் மறுபடி முதல் படிக்கு. அந்த ஒரு தளத்தை மட்டும் நம்பியிருந்தவர்கள் மிகவும் அடிபட்டார்கள். விதிகளைத் தளங்கள்தான் எழுதுகின்றன, நம்மைக் கேட்டு எழுதுவதில்லை. அதனால் எல்லாவற்றையும் ஒரே கூடையில் போடாமல், கூடைகள் நம் கையில் சில இருக்கட்டும். அடோபி ஸ்டாக், ஷட்டர்ஸ்டாக் இரண்டிலும் தொடங்கலாம். செய்திப்படம், இடங்கள், உயிரினங்கள் என்று எடுப்பவர் அலாமி என்ற தளத்தையும் பார்க்கலாம்.

கேள்வி: வீட்டுத் தோட்டத்தில் பூச்சிகளையும் செடிகளையும் மேக்ரோ லென்ஸில் எடுக்கிறேன். தரம் நன்றாக இருப்பதாகத் தளத்தின் ரிவ்யூவில் எல்லாம் தேறிவிடுகின்றன. ஆனால் விற்பனையே இல்லை. என்ன காரணமாக இருக்கும்?

பதில்: சகோதரி, நீங்கள் அனுப்பிய படங்களைப் பார்த்தேன். படங்களில் குறை இல்லை. தலைப்பும் கீவேர்டும்தான் (தேடலில் படம் கிடைக்க நாம் எழுதும் சொற்கள்) காரணம். எல்லாப் படத்துக்கும் ‘பூச்சி, இயற்கை, பச்சை, அழகு, இலை’ என்றே எழுதியிருக்கிறீர்கள். அந்தச் சொற்களில் தேடினால் உங்களுக்கு முன்னால் பல லட்சம் படங்கள் நிற்கும்.

பூச்சிப் படம் யாருக்கு வேண்டும்? உயிரியல் பாடநூலுக்கு, வேளாண் ஆலோசனைக்கு, தோட்டக்கலை இதழுக்கு. அவர்கள் அறிவியல் பெயரை வைத்துத் தேடுவார்கள். அதனால் பேரினம், சிற்றினம் இரண்டையும் எழுதுங்கள், உறுதியாகத் தெரிந்தால் மட்டும். தெரியாவிட்டால் குடும்பப் பெயரோடு நிறுத்திக்கொள்ளுங்கள். தவறான பெயர் போட்ட படம் ஒரு பாடநூலுக்குள் போவது எவ்வளவு கெடுதல் என்று நினைத்துப் பாருங்கள். அப்புறம், அது முட்டையா, புழுவா, கூட்டுப்புழுவா, முதிர்ந்த பூச்சியா என்று சொல்லுங்கள். எந்தச் செடியில் இருக்கிறது, இலையைத் தின்கிறதா, சாறு உறிஞ்சுகிறதா, மகரந்தம் சுமக்கிறதா என்பதையும் சேருங்கள்.

பொறிவண்டு ஒன்று அசுவினிக் கூட்டத்தின் நடுவே இருக்கும் உங்கள் படத்தையே எடுத்துக்கொள்வோம். நீங்கள் ‘சிவப்புப் பூச்சி’ என்று போட்டிருக்கிறீர்கள். அசுவினி பயிரின் சாற்றை உறிஞ்சும், பொறிவண்டு அசுவினியைத் தின்னும். அப்படியானால் இந்தப் படம் ‘இயற்கை முறைப் பூச்சிக் கட்டுப்பாடு’ என்ற தலைப்புக்கே உரிய படம். மருந்து தெளிக்காமல் விவசாயம் செய்வது பற்றி எழுதும் யாருக்கும் இது பயன்படும். படத்தில் கண்ணுக்குத் தெரிவதை முதலில் எழுதுங்கள், அது எதைப் பற்றிப் பேசுகிறது என்பதை அடுத்து எழுதுங்கள்.

அடோபி ஸ்டாக்கில் 49 கீவேர்டு வரை போடலாம், முதல் பத்துக்குத்தான் அதிக மதிப்பு. அந்தப் பத்தில் பூச்சியின் பெயரும் செயலும் வந்துவிட வேண்டும். ஷட்டர்ஸ்டாக்கில் குறைந்தது 7, அதிகபட்சம் 50. எண்ணிக்கையை நிரப்புவதற்காகச் சம்பந்தமில்லாத சொல்லைச் சேர்க்காதீர்கள். தப்பான தேடலில் உங்கள் படம் வந்து யாரும் தொடாமல் போனால் அது உங்களுக்குத்தான் நஷ்டம். தேடுகிறவர்களில் பெரும்பாலோர் ஆங்கிலத்தில் தேடுவதால் கீவேர்டுகளை ஆங்கிலத்தில் எழுதுவது உத்தமம். ஏற்கெனவே ஏற்றியவற்றையும் திறந்து திருத்தலாம். புதுப் படம் எடுப்பதைக் கொஞ்சம் நிறுத்திவிட்டு முதலில் இந்த வேலையைச் செய்யுங்கள்.

கேள்வி: கைபேசியில் எடுத்ததை ஏற்கிறார்களா?

பதில்: ஏற்கிறார்கள். பெரிய தளங்கள் கேட்பது குறைந்தது 4 மெகாபிக்சல், இன்றைய கைபேசிகளுக்கு அது பெரிய விஷயமில்லை. பகல் வெளிச்சத்தில் எடுங்கள், டிஜிட்டல் ஜூம் வேண்டாம், ஃபில்டர் வேண்டாம். கணினியில் நூறு சதவீத அளவில் பெரிதாக்கி, ஃபோகஸும் இருண்ட பகுதியில் மணல் தூவியது போலத் தெரியும் புள்ளிகளும் எப்படி இருக்கின்றன என்று பார்த்துவிட்டு ஏற்றுங்கள்.

கேள்வி: படங்கள் அடிக்கடி ரிஜெக்ட் ஆகின்றன. லோகோ, ரிலீஸ் என்று ஏதேதோ காரணம் சொல்கிறார்கள்.

பதில்: காலணியில் ஒரு நிறுவனத்தின் குறி, மடிக்கணினியின் முதுகில் ஒரு சின்னம், பின்னணியில் ஒரு கடைப் பலகை, சுவரில் ஓர் ஓவியம்: இவை எதுவும் விளம்பரத்துக்கு விற்கும் படத்தில் இருக்கக்கூடாது. எடுக்கும்போதே நீக்கிவிடுங்கள். அடையாளம் தெரியும்படி ஒருவர் இருந்தால் அவர் கையெழுத்திட்ட மாடல் ரிலீஸ் (சம்மதப் படிவம்) வேண்டும், அது உங்கள் மனைவியாக இருந்தாலும் சரி. குழந்தை என்றால் பெற்றோர் கையெழுத்து. கையெழுத்து வாங்கும்போது இந்தப் படம் எங்கே வேண்டுமானாலும், எந்த நோய்க்கான விளம்பரத்திலும்கூட வரலாம் என்று தெளிவாகச் சொல்லிவிடுங்கள். அவர் முகத்தை வைத்துத்தான் நீங்கள் சம்பாதிக்கிறீர்கள், அந்த மரியாதை அவருக்கு உண்டு.

சில கட்டடங்களுக்கும் இதே சிக்கல். ஈஃபில் கோபுரத்தைப் பகலில் எடுத்தால் பிரச்சினையில்லை, இரவு விளக்கு அலங்காரத்துக்கு மட்டும் பதிப்புரிமை இருக்கிறது. ரிலீஸ் கிடைக்காத படங்களை எடிட்டோரியல் பிரிவில் கொடுக்கலாம். செய்திக்கும் கல்விக்கும் பயன்படும், விளம்பரத்துக்குப் பயன்படாது.

கேள்வி: இனி எல்லாவற்றையும் ஏஐ வரைந்து கொடுத்துவிடுமே, கேமராவைத் தூக்க வேண்டுமா?

பதில்: இந்தக் கவலை எனக்கும் உண்டு. கைகுலுக்கும் இரண்டு பேர், மேசையைச் சுற்றிச் சிரிக்கும் அலுவலகக் குழு, மங்கலான வண்ணப் பின்னணி போன்றவற்றில் இனி பெரிய எதிர்காலம் இருப்பதாக எனக்குத் தோன்றவில்லை. அவற்றை எடுக்கப் புதிதாகப் பணம் செலவழிக்காதீர்கள்.

கெட்டி இமேஜஸ் என்ற பெரிய ஸ்டாக் நிறுவனம் 2022 செப்டம்பரிலேயே ஏஐ படங்களை ஏற்பதில்லை என்று அறிவித்துவிட்டது. அடோபி ஸ்டாக் ஏற்கிறது, ஆனால் ஏஐ என்று அடையாளம் போட வேண்டும். அதே அடோபி 2023 மார்ச்சில் ஃபயர்ஃபிளை என்ற, படம் வரையும் ஏஐ கருவியைக் கொண்டுவந்தது, அதற்குப் பயிற்சியாக அமைந்தவற்றில் அடோபி ஸ்டாக்கில் நம்மைப் போன்றவர்கள் ஏற்றிய படங்களும் உண்டு. அதற்காக 2023 செப்டம்பரில் ஒரு போனஸ் கொடுத்தார்கள். ஷட்டர்ஸ்டாக்கும் ஏஐ பயிற்சிக்காகப் படம் ஏற்றியவர்களுக்கு ஒரு பங்களிப்பாளர் நிதி வைத்தது, வேண்டாம் என்பவர் கணக்கில் அதை அணைத்து வைக்கவும் வழி தந்தது. போனஸ் கொடுத்தது சரி. படம் எடுத்தவரிடம் முதலில் கேட்டுவிட்டுப் பிறகு பயன்படுத்தியிருக்க வேண்டும் என்பது என் உறுதியான கருத்து. கணக்கு திறக்கும்போது அந்த ஒப்பந்தப் பகுதியை வரி விடாமல் படியுங்கள்.

சரி, என்ன மிஞ்சும்? உண்மையாக இருந்தே தீர வேண்டிய படங்கள் மிஞ்சும். இந்தச் சிற்றினப் புழு, இந்த இலையில், இப்படித்தான் தின்கிறது என்று காட்டும் படம். முதல் கேள்வி கேட்ட ஐயாவின் பூட்டும் எச்சரிக்கை அட்டையும். வெள்ளம் வடிந்த பிறகு சுவரில் நின்ற நீரின் கோடு. ஏஐ வரைந்த படத்தைப் பாடநூலிலோ செய்தியிலோ சான்றாகக் காட்ட முடியாது. ‘இது நடந்தது, நான் அங்கே இருந்தேன்’ என்று நீங்கள் சொல்ல முடிகிற படங்களுக்கே இனி உங்கள் நேரத்தைக் கொடுங்கள்.

கேள்வி: வரி விஷயத்தை எப்படிச் சமாளிப்பது?

பதில்: அமெரிக்கத் தளங்கள் என்றால் பதிவு செய்தவுடன் வரிப் படிவம் கேட்பார்கள். அமெரிக்கர் அல்லாத தனிநபருக்கு டபிள்யூ-8 பென் என்ற படிவம். அதை நிரப்பாவிட்டால் அமெரிக்காவில் நடக்கும் விற்பனைக்கான தொகையில் 30 சதவீதம் வரை பிடித்துவிடுவார்கள். உங்கள் நாட்டோடு வரி ஒப்பந்தம் இருந்தால் குறையும். அடையாள அட்டையில் உள்ளபடியே பெயரை எழுதுங்கள்.

கேள்வி: சில வருடம் நன்றாக வந்தது. அப்புறம் வேலைப்பளுவில் ஏற்றுவதை விட்டுவிட்டேன். படங்கள் அப்படியேதான் இருக்கின்றன, வருமானம் மட்டும் மாதத்துக்கு மாதம் இறங்குகிறது. ஒருமுறை ஏற்றினால் போதும் என்றுதானே சொன்னார்கள்?

பதில்: அப்படிச் சொன்னவர்கள் பாதியைத்தான் சொன்னார்கள். தினமும் புதிய படங்கள் வந்து குவிகின்றன, தேடலில் உங்கள் படம் பின்னுக்குப் போய்க்கொண்டே இருக்கும். ஒரு காலத்தில் நன்றாக விற்ற படமும் இறங்கும். ஆனால் சட்டென்று பூஜ்யத்துக்கு வராது, மெல்லத்தான் இறங்கும். உழைக்காத மாதத்திலும் ஏதோ வருகிறது என்பதே பெரிய ஆறுதல்தான்.

மாதம் பத்து படம் போதும், நிறுத்தாமல் ஏற்றுங்கள். ஒரே காட்சியை இருபது கோணத்தில் ஏற்றினால் ஒன்றை ஒன்று தின்றுவிடும், தளங்களும் ஒரே மாதிரிப் படங்கள் என்று தள்ளிவிடும். கிடைமட்டம் ஒன்று, செங்குத்து ஒன்று, நெருக்கத்தில் ஒன்று போதும். பண்டிகை, பருவம் சார்ந்ததை இரண்டு மூன்று மாதம் முன்னதாகவே ஏற்றிவிடுங்கள், வடிவமைப்பாளர்கள் முன்கூட்டியே தேடத் தொடங்குவார்கள். அதற்கெல்லாம் முன்பு உங்கள் விற்பனைப் பட்டியலைத் திறந்து, இன்றைக்கும் விற்றுக்கொண்டிருக்கும் பழைய படங்கள் எவை என்று பாருங்கள். அவை சில விஷயங்களைச் சுற்றியே இருக்கும். அந்த விஷயத்தில் இன்னும் எடுக்கப்படாத பக்கம் எது என்று யோசியுங்கள். என் மாத்திரை டப்பா அப்படித்தான் ரத்தக்கொதிப்புக் கருவி, ஊன்றுகோல், மருத்துவக் குறிப்பேடு, குளியலறைக் கைப்பிடி என்று வளர்ந்தது. அவை சேர்ந்து வந்த பிறகு பழைய படத்தின் விற்பனையும் கொஞ்சம் நிமிர்ந்தது. ஒரு வாங்குபவர் ஒன்றைத் திறந்தால் பக்கத்தில் மற்றவையும் தெரிகின்றன அல்லவா. உங்கள் பட்டியலை எனக்கு அனுப்பினால் எதிலிருந்து தொடங்கலாம் என்று அடுத்த இதழில் சொல்கிறேன்.